ஓதம் ஏறும் வீடு: தண்ணீர் நுழையும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க ஒரு வழிகாட்டி

தீபாவளி மழை ஓய்ந்ததும் சேலத்தில் பெயின்ட் கடைகளில் கூட்டம் சேர ஆரம்பிக்கும். பொரிந்துபோன சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பொங்கலுக்குள் ஒரு கோட்டு அடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். அடுத்த ஐப்பசியில் அதே சுவர் அதே இடத்தில் மறுபடி பொரியும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. தண்ணீர் உள்ளே நுழையும் வழி திறந்தே கிடக்கிறது. அது வெளியே தலைகாட்டிய இடத்தை மட்டும்தான் பூசி மூடியிருக்கிறோம்.

கறை தெரிகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. மொட்டைமாடியின் வடக்கு மூலையில் இறங்கிய தண்ணீர், கான்கிரீட்டுக்குள் புதைத்த கரண்ட் பைப் வழியாகப் பத்தடி ஓடி, நடுக்கூடத்து ஃபேன் கொக்கியில் சொட்டும். ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே ஒரு வாரம் துப்பறிய வேண்டியிருக்கிறது. அதற்குப் பென்சில், டார்ச், வாளி, அலுமினியத் தாள், கொஞ்சம் கேசரிப் பவுடர் போதும்.

தண்ணீர் இப்போதே வீட்டுக்குள் நின்றால்

துப்பறிவது பிறகு. முதலில் கரண்ட். ஃபேன் பாயின்ட்டிலோ சுவிட்ச் பெட்டியிலோ சொட்டினால் சுவிட்சை அணைப்பது போதாது. மெயின் பெட்டியில் அந்த அறைக்கான எம்.சி.பி.யை (கரண்டைத் துண்டிக்கும் சிறு சுவிட்சை) கீழே இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். மெயின் பெட்டிக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றால், அல்லது பெட்டியே நனைந்திருந்தால், தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள். பலர் மறப்பது இன்வெர்ட்டரை. மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் தனியாக அணைக்க வேண்டும்.

நனைந்த மோட்டார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் "ஓடுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள். காய்ந்த பிறகும் மெக்கானிக் பார்த்துச் சொன்னால்தான் போட வேண்டும். ஜிப்சம் சீலிங் தொப்பைபோல இறங்கியிருந்தால், கரண்டை நிறுத்திவிட்டு, சற்றுத் தள்ளி நின்று, ஆகத் தாழ்ந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓட்டை போட்டுக் கீழே வாளி வையுங்கள். விட்டுவைத்தால் பலகையே மொத்தமாக இறங்கும்.

பிறகு காற்றோட்டம். மெத்தை, கால்மிதி, சுவரோடு ஒட்டிய பீரோ எல்லாவற்றையும் முதல் இரண்டு நாளுக்குள் நகர்த்திக் காயவையுங்கள். அதற்குமேல் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சாணம் பிடிக்கும். பிடித்த மெத்தையை மீட்பது நடக்காத காரியம்.

எப்போது நனைகிறது?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பாதி விடை காலத்தில் இருக்கிறது. கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதுக் கோடு. அன்று மழையா, வெயிலா, குழாயில் தண்ணீர் வந்த நாளா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்யும்போதே, அல்லது விட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்தால், வெளிச்சுவர் விரிசல், சன்ஷேட், ஜன்னல் சட்டம், கைப்பிடிச்சுவர் இவற்றில் ஒன்று. மழை விட்டு வெயில் அடித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ சீலிங் நனைந்தால் அது தட்டோட்டுக்கு அடியில் உள்ள சுண்ணாம்பு ஜல்லித் தளம். மூன்று அங்குலத் தளம் முழுக்கத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கீழே விடும். "மழையே இல்லையே, எப்படி ஒழுகுது?" என்று குழம்ப வைப்பது இதுதான்.

வருடம் முழுக்க ஒரே அளவில் ஈரம் இருந்தால் குழாய் அல்லது பாத்ரூம். மேட்டூர்த் தண்ணீர் விடும் நாளில் மட்டும் நனைந்தால் சம்ப். சேலத்தில் தினமும் தண்ணீர் வராது என்பதால் பெரிய சம்பாகக் கட்டி, பெரும்பாலும் போர்ட்டிகோவுக்கு அடியிலோ முன்கூடத்துச் சுவரை ஒட்டியோ வைத்திருப்பார்கள். மிதவை பழுதானாலோ மேல் விளிம்பில் விரிசல் இருந்தாலோ, சம்ப் நிரம்புகிற நாளில் மட்டும் பக்கத்துச் சுவரின் அடி ஊறும். நாலு நாளில் காய்ந்துவிடும். அடுத்த தண்ணீருக்கு மறுபடி.

மார்கழி, தை விடியற்காலையில் மட்டும் சுவர் வியர்த்து, பத்து மணிக்குக் காய்ந்தால் அது ஒழுகலே இல்லை. அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது. ஏற்காட்டு வீடுகளில் பாதிப் புகார் இதுதான்.

எந்த உயரத்தில், என்ன வடிவில்?

தரையிலிருந்து மூன்றடிக்குள் சுவர் நெடுக அலை அலையாகக் கறையும், மேல் விளிம்பில் வெள்ளை உப்பும் இருந்தால் நிலத்து ஓதம். செங்கல் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் காரையில் தங்குகிறது. அந்த உப்பு படிகமாகி விரியும்போதுதான் பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. ஓர் ஆணியால் கறையின் மேல் விளிம்பைக் கீறிப் பாருங்கள். பெயின்ட் படலம் தனியாக உரியும். அதன் அடியில் காரை மாவுபோலக் கொட்டும். அரையடி மேலே போய்க் கீறினால் ஆணி இறங்காது. அந்த எல்லைதான் தண்ணீர் ஏறிய உயரம்.

வெள்ளையாகப் பூத்திருப்பது எல்லாம் பூஞ்சாணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஈரத்துணியால் தொட்டதும் மறைந்து, காய்ந்ததும் மறுபடி பூத்தால் உப்பு. பச்சை, கறுப்புப் புள்ளிகளாக இருந்து, துடைத்தால் இழுபட்டு, நாற்றம் அடித்தால் பூஞ்சாணம். பீரோவுக்குப் பின்னால், வடக்குச் சுவரின் மேல் மூலையில் கறுப்புப் புள்ளி என்றால் பெரும்பாலும் வியர்வைதான்.

சீலிங்கில் வட்டக்கறையும் அதைச் சுற்றிப் பழுப்பு விளிம்பும் இருந்தால் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது என்று அர்த்தம். நேர்கோடாக இருந்தால் பீமும் தளமும் சேரும் இடம், அல்லது உள்ளே ஓடும் பைப். துருநிறம் இறங்கினால் கம்பிக்கு ஈரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அது வேறு அவசரம், கீழே வருகிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அதனால்தான் கான்கிரீட் உள்ளிருந்து வெடித்துத் தகடாக விழுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

தாள் சோதனை. சந்தேகமான சுவரைத் துணியால் துடைத்து, ஒரு சதுர அடி அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் காற்றின் ஈரம். உரித்துப் பார்க்கும்போது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. ஆயிரக்கணக்கில் வீண்செலவைத் தடுக்கும்.

குழாய்ச் சோதனை. இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். சிஸ்டர்னுக்குப் போகும் ஆங்கிள் வால்வையும் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் கழிவறை ஒழுகலைச் சுவர் ஒழுகல் என்று நினைத்துவிடுவீர்கள். விடியற்காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டிக்குக் கீழே எங்கோ குழாய் கசிகிறது. அடுத்த இரவு கீசருக்குப் போகும் வால்வையும் மூடிவிட்டுப் பாருங்கள். மட்டம் நின்றுவிட்டால் வெந்நீர் லைன். சம்புக்கும் இதே முறைதான், மோட்டார் போடாமல்.

பாத்ரூம் தேக்கச் சோதனை. நானி ட்ராப்பின் (தரைத் தண்ணீர் வடியும் துளையின்) வாயைப் பாலித்தீனில் சுற்றிய துணியால் இறுக அடையுங்கள். வாசல்படியில் மண்மூட்டையோ ஈரத்துணியோ வைத்துத் தடுத்து, ஒன்று முதல் ஒன்றரை அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். அதே தண்ணீரில் ஒரு வாளியை வைத்து, அதற்குள்ளும் தண்ணீர் ஊற்றி, இரண்டு மட்டத்தையும் குறியுங்கள். 24 மணி நேரம் யாரும் குளிக்கக் கூடாது; 48 என்றால் இன்னும் நல்லது. வாளியில் இறங்கிய அளவுக்குத் தரையிலும் இறங்கியிருந்தால் ஆவியானது. தரையில் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. தண்ணீரில் ஒரு ஸ்பூன் கேசரிப் பவுடர் கலந்திருந்தால் கீழ்வீட்டுச் சீலிங்கில் ஆரஞ்சாகத் தெரியும். அப்புறம் வாதாட இடமிருக்காது. (வெள்ளை சிமென்ட் இணைப்பில் நிறம் ஏறும், அதற்குத் தயாராக இருங்கள்.)

இதில் ஒரு நுணுக்கம். தண்ணீர் தேங்கி நின்ற இரண்டு நாளும் கீழே ஒன்றும் நடக்கவில்லை, அடைப்பை எடுத்து வடியவிட்டதும் கீழே நனைகிறது என்றால், தரை நல்லது. ட்ராப்புக்குக் கீழே உள்ள குழாய் இணைப்பு கெட்டிருக்கிறது. டைல்ஸை முழுக்கப் பெயர்க்காமல் கீழிருந்தே சரிசெய்துவிடலாம்.

அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகும் முன், "உங்க பாத்ரூம்ல ரெண்டு நாள் தண்ணி நிறுத்திப் பார்க்கலாங்களா? நீங்களும் வந்து கீழ பாருங்க" என்று கேட்டுப் பாருங்கள். சேர்ந்து பார்த்த சோதனைக்கு இருக்கும் மரியாதை, போட்டோ அனுப்பினால் கிடைக்காது.

சுவருக்கு ஹோஸ் சோதனை. வெளிச்சுவரில் கீழிருந்து மேலாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். முதலில் ஜன்னலுக்குக் கீழே 15 நிமிடம், பிறகு ஜன்னல் சட்டம், பிறகு சன்ஷேட், கடைசியாகக் கைப்பிடிச்சுவர். உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் வழிந்து எல்லாவற்றையும் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது.

மொட்டைமாடி

சேலத்து ஒழுகல்களில் பெரும்பங்கு இங்கிருந்துதான். ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: 1000 சதுர அடி மாடியில் ஒரு அங்குல மழை விழுந்தால் சுமார் 2,300 லிட்டர். இரண்டு சின்டெக்ஸ் தொட்டிக்கும் மேலே. அவ்வளவும் வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாயாவது வேண்டும். குழாய் வாயில் வேப்பிலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டு மாடி குளமாகி, தண்ணீர் கைப்பிடிச்சுவரின் அடியில் ஏறி உள்ளே இறங்கும். இதற்கு வாட்டர்ப்ரூஃபிங் வேண்டாம், ஒரு துடைப்பம் போதும்.

அடுத்தது வாட்டம். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்கம் இருக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் மாடிக்குப் போய், தண்ணீர் நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அந்த வட்டங்களுக்குக் கீழேதான் கறை இருக்கும் என்பதில்லை; ஆனால் வேலை ஆரம்பிக்க வேண்டிய இடம் அவைதான்.

பிறகு முழங்காலிட்டுப் பாருங்கள். தட்டோடுகளுக்கு நடுவே சாந்து போயிருக்கிறதா? நாணயத்தால் தட்டினால் "டொப்" என்று பொள்ளலாகக் கேட்கிறதா? கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா? டிஷ் ஆன்டெனா, சோலார் தகட்டின் கால், கொடிக்கம்பி என்று தளத்தில் துளைபோட்டு இறக்கிய போல்ட்டுகள் எத்தனை? சோலார் வந்தபின் இந்தக் கடைசி வகை ஒழுகல் கூடியிருக்கிறது. கால்களைக் கான்கிரீட் கட்டையில் நிறுத்தச் சொல்லுங்கள். துளை போட்டே ஆகவேண்டும் என்றால் போல்ட்டைச் சுற்றி அடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை செய்யத் தோதான காலம் தை முதல் பங்குனி வரை. சித்திரை வந்தால் கோடைமழை குறுக்கிடும். மத்தியான வெயிலில் தளம் கொதிக்கும்போது பூசினால் சாந்து இறுகும் முன்பே ஈரத்தை இழந்து வெடித்துவிடும். காலை பத்து மணிக்குள், அல்லது நாலு மணிக்கு மேல்.

முறை இப்படி. பொள்ளலான ஓடுகளைப் பெயர்த்தெடுத்து, அடியில் உள்ள ஜல்லி ஈரமாக இருந்தால் திறந்தபடியே பத்து நாளாவது காயவிடுங்கள். மற்ற ஓடுகளின் இணைப்பைக் கால் முதல் அரை அங்குல ஆழம் சுரண்டி, இரும்புப் பிரஷ் போட்டு, தூசியை ஊதி எடுக்க வேண்டும். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு சலித்த மணல், கலக்கும் தண்ணீரில் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (சாந்தின் பிடிப்பைக் கூட்டும் பால்போன்ற திரவம்) சேர்த்து இணைப்பை அழுத்தி நிரப்புங்கள். சாதாரண வாட்டர்ப்ரூஃப் லிக்விட் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி என்பது வழக்கமான அளவு. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகப் பிடிக்காது, சாந்து பலவீனமாகும்.

கைப்பிடிச்சுவர் மூலையில் நெடுக மூன்று அங்குலத்துக்குச் சாந்தைச் சரிவாகக் கட்டிவிட வேண்டும். செங்கோண மூலையில்தான் பூச்சு முதலில் கிழியும். கைப்பிடிச்சுவரின் தலைப்பூச்சு மாடிப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஏழு நாள் சாந்து காயாமல் தண்ணீர் காட்டி, பிறகு காயவிட்டு, அதன்பின் ரப்பர்போல நீளும் பூச்சு இரண்டு கோட்டு. முதல் கோட்டு வடக்கு தெற்காக என்றால் இரண்டாவது கிழக்கு மேற்காக. மூலைகளிலும் விரிசல்களிலும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஃபைபர் வலை. எத்தனை டப்பா என்பதை முதலிலேயே கணக்குப் போட்டு, காலி டப்பாவை எண்ணி வாங்குங்கள். ஆறு டப்பா தேவைப்படும் மாடியில் தண்ணீர் கலந்து நாலு டப்பாவில் முடித்துவிடுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கமான ஏமாற்று.

வெள்ளையாகக் குளிர்ச்சிப் பூச்சு அடித்தால் ஒழுகலும் நிற்கும் என்று சொல்வார்கள். வெயிலுக்கு நல்லது. ஒழுகலுக்கு, டப்பாவில் வாட்டர்ப்ரூஃப் என்று தெளிவாகப் போட்டிராவிட்டால், நம்ப வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை, குகைப் பக்கத்துப் பழைய மரக்கட்டை உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. அங்கே செய்யும் பெரிய தவறு, ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு அங்குலம் சிமென்ட் போடுவது. ஒரு அங்குலச் சாந்து சதுர அடிக்கு ஐந்து கிலோ எடை. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 600 கிலோ. இரண்டு முறை போட்டால் ஒரு டன்னைத் தாண்டும். அதுவும் சுவருக்குள் புதைந்த நுனி இற்றுப்போன உத்தரத்தின் மேல். சிமென்ட் மூடியதால் அடியில் இருக்கும் சுண்ணாம்பும் மரமும் காயவும் முடியாது. முதலில் உத்தர நுனிகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்கினால் மேலே யாரையும் ஏற்றாதீர்கள். சரிசெய்வதென்றால் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியைத் தேடிப் பிடித்துச் சுண்ணாம்பிலேயே செய்யுங்கள். தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையும் இந்தக் கூரைகளில் கூடாது.

பாத்ரூம்

பெரும்பாலான பாத்ரூம் கசிவு மூன்று இடங்களில்: நானி ட்ராப்பைச் சுற்றி, தரையும் சுவரும் சேரும் மூலை, குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை. முதலில் இந்த மூன்றையும் சுரண்டி எபாக்ஸி கிரவுட் அடைத்து, ஒரு நாள் விட்டு, மறுபடி தேக்கச் சோதனை செய்யுங்கள். பல வீடுகளில் இதோடு நின்றுவிடும்.

நிற்காவிட்டால் டைல்ஸையும் சங்கன் ஸ்லாப்பில் (குழாய் ஓடுவதற்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தில்) நிரப்பிய செங்கல் ஜல்லியையும் எடுக்க வேண்டியதுதான். வெறும் தளம் தெரிந்ததும் சுத்தம் செய்து, மூலைகளைச் சரிவாகக் கட்டி, வாட்டர்ப்ரூஃப் பூச்சைத் தரையிலும் சுவரில் ஒரு அடி உயரத்துக்கும், ஷவர் பக்கம் ஆறடிக்கும் அடிக்கவும். டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தே ஆக வேண்டும். "நாங்க போட்டா ஒழுகாதுங்க, சோதனையெல்லாம் எதுக்கு" என்பார் மேஸ்திரி. விட்டுக்கொடுக்காதீர்கள்.

கீழ்வீட்டுச் சீலிங்கில் கம்பி தெரிய ஆரம்பித்திருந்தால், மேலே கசிவை நிறுத்திய பிறகே அதைத் தொட வேண்டும். தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் தெரியும்படி கொத்தி, துருவை இரும்புப் பிரஷால் பளிச்சென்று தேய்த்து, ஜிங்க் ப்ரைமர் அடித்து, பாலிமர் சாந்தால் நிரப்புவது முறை. துருவின் மேலேயே சிமென்ட் அப்பினால் இரண்டு மழைக்குள் தகடாக விழும். கம்பி மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தால் கொத்தனார் போதாது. இன்ஜினியர் பார்க்க வேண்டும்.

நிலத்து ஓதம்

சுவரைத் தொடும் முன் வீட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். பூந்தொட்டி மண் சுவரோடு அணைந்திருக்கிறதா, மாடிக் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, சாக்கடை கசிகிறதா என்று பாருங்கள். பழைய தெருக்களில் ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, வீட்டுத் தரை தெருவுக்குக் கீழே போயிருக்கும். அடித்தளத்தில் ஓதத்தடுப்புக்கென்று போட்ட அடுக்கு இப்போது மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. மண்ணின் ஈரம் அதைத் தாண்டி நேரே சுவரில் ஏறுகிறது. முடிந்த இடத்தில் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை எடுத்து, உள்தரையைவிட அரையடியாவது தாழ்த்தி, வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டாலே ஓதம் பாதி குறையும்.

அம்மாபேட்டை, குகைப் பக்கம் குழித்தறி இருக்கும் வீடுகளில் தறிக்குழிதான் வீட்டின் ஆகத் தாழ்ந்த இடம். மழைக்காலத்தில் முதலில் ஊறுவதும் அதுதான். உள்பக்கம் சிமென்ட் பூசினால் நின்றுவிடும் என்று தோன்றும். மண்ணிலிருக்கும் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளுவதால் அந்தப் பூச்சு கொப்பளித்துக் கழன்றுவிடும். முதலில் தெருப்பக்கத்து வடிகாலையும் கூரைத்தண்ணீரையும் குழியிலிருந்து விலக்கிவிடுங்கள். தறியில் ஏற்றிய பாவு நூல் நனைந்து கறை ஏறாதிருக்க, ஈரம் வடியும்வரை தறிக்கு அடியில் தார்ப்பாய்த் தடுப்பு வைத்துக்கொள்ளலாம்.

வெளியே சரிசெய்த பிறகு, உள்ளே கறைக்கு ஒரு அடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தள்ளிக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கலுக்குள் போய்விடும். அதன்பின் காத்திருப்பு. நனைந்த செங்கற்சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம்தான் காயும். இருபக்கமும் திறந்த ஒன்பது அங்குலச் சுவருக்கு நாலு மாதத்துக்கு மேல். யாருக்கும் பிடிக்காத கணக்கு. ஆனால் இதைக் குறுக்கிய ஒவ்வொரு வேலையும் மறு வருடம் உரிந்திருக்கிறது.

ஓதத்தடுப்பே இல்லாத சுவரில், தரைக்கு அரையடி மேலே நாலைந்து அங்குல இடைவெளியில் வரிசையாகத் துளையிட்டு, நீர் விலக்கும் சிலேன் க்ரீம் ஏற்றும் முறை உண்டு. சரியாகச் செய்தால் பலன் தரும். கருங்கல் கலந்து கட்டிய சுவருக்குச் சரிவராது.

ஏற்காட்டு வீடுகள்

1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், வருடத்தில் 1,500 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை. மேலாக நனைந்து, கீழே சேலத்தில் ஒரே வாரத்தில் காயும் சுவர் அங்கே மாதம் ஆகியும் காயாது.

மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் மேட்டுப்பக்கச் சுவர்தான் நனையும். மேட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் சுவரில் வந்து முட்டுகிறது. சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, உள்தரை மட்டத்துக்குக் கீழே போகும்படி ஒரு அடி அகலத்தில் கால்வாய் வெட்டி, வடிகட்டித் துணி விரித்து, துளைபோட்ட 4 அங்குலக் குழாயை நூறடிக்கு ஒரு அடி இறக்கத்தில் வைத்து, 20 மி.மீ. ஜல்லி நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுங்கள். கடைசி முனை வெளியே திறந்திருக்க வேண்டும். காபிச் செடிக்குப் பாய்ந்தால் அதுவும் லாபம். அடித்தளத்தை விட ஆழமாகத் தோண்ட வேண்டும் என்றால் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

தாங்குசுவரில் உள்ள வடிதுளைகளைக் கம்பி விட்டுத் துப்புரவாக வையுங்கள். வழக்கமாகத் தெளிந்து வடியும் துளை ஒருநாள் சேறாகக் கக்கினால், சுவர் புடைத்தால், புது விரிசல் அகலமானால், அந்த இரவு அந்த வீட்டில் தங்க வேண்டாம்.

மங்களூர் ஓட்டுக் கூரையில் ஒழுகலுக்கு முதல் சந்தேகம் குரங்கு. ஓடு அரை அங்குலம் நகர்ந்தாலே காற்றோடு வரும் மழை உள்ளே போகும். பகலில் உள்ளிருந்து விளக்கை அணைத்து மேலே பாருங்கள். வெளிச்சப் பொட்டு தெரியும் இடம் எல்லாம் ஓட்டைதான். பாசியைச் சுரண்டி, உடைந்ததை மாற்றி, முகட்டுச் சாந்தைப் புதுப்பித்தால் பெரும்பாலும் போதும். ஓட்டின் மேல் நடக்காதீர்கள், பலகை போட்டு ஏறுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்றால் துளையிடவோ சுரண்டவோ கூடாது; அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகளில் சுவர் வியர்வையும் பூஞ்சாணமும் கட்டாயம் வரும். எதிரெதிராக இரண்டு வென்டிலேட்டரையாவது வலைபோட்டுத் திறந்து வையுங்கள். பீரோ, கட்டில் எல்லாம் வெளிச்சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி இருக்கட்டும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதும், குளிருக்கு கேஸ் ஹீட்டர் எரிப்பதும் ஈரத்தைக் கூட்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். கரியடுப்பை மூடிய அறையில் வைக்கவே கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

பூஞ்சாணத்தைத் துடைக்க முகமூடி, கையுறை, சோப்புத் தண்ணீர் போதும். ப்ளீச்சிங் பவுடர் போடுவதானால் கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் பரவியிருந்தால், வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், ஆள் வைத்துச் செய்யுங்கள்.

பூச்சு, பெயின்ட், பணம்

பெயின்ட் அடிக்கும் முன் மறுபடி அலுமினியத் தாளை ஒட்டிப் பாருங்கள். இரண்டு நாளில் சுவர்ப் பக்கம் காய்ந்திருந்தால்தான் வேலை. கீழ்ச்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சோ காற்றாடும் பெயின்ட்டோ நல்லது; ஆயில் பெயின்ட்டும் ஜிப்சம் பட்டியும் அங்கே வேண்டாம். ஓதச்சுவருக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பவர்கள், அடுத்த வருடம் டைல்ஸுக்கு மேலே கறை ஏறுவதைப் பார்ப்பார்கள்.

மேஸ்திரியிடம் பேசும்போது சதுர அடி ரேட்டோடு நிற்காமல், எத்தனை கோட்டு, எந்தப் பொருள், எத்தனை நாள் தண்ணீர் காட்டுவது, தேக்கச் சோதனை உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பத்து சதவீதமாவது முதல் பெருமழை தாண்டிக் கொடுப்பதாகப் பேசிவையுங்கள்.

வீட்டுக் காப்பீடு இருந்தால், 2021 ஏப்ரல் 1 முதல் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளம், புயல், நிலச்சரிவு, தண்ணீர்த்தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது எல்லாம் அடங்கும். பராமரிப்பில்லாமல் மெல்ல ஊறிய ஓதத்துக்குப் பணம் வராது. ஆகவே குழாய் வெடித்த அன்றே, துடைக்கும் முன், தேதி தெரியும்படி போட்டோவும் வீடியோவும் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். உடைந்த குழாய்த்துண்டைச் சர்வேயர் வந்து பார்க்கும்வரை தூக்கி எறியாதீர்கள்.